தார்ப்பாயின் ஒரு ஓரம்

2005-ல் சென்னையில் எனக்கொரு கால் சென்டர் இன்டர்வியூ. மரக்காணத்தில் பஸ் ஏறும் வழியில், உப்பளத்திலிருந்த அண்ணிக்குச் சாப்பாடு கொடுக்கப் போனேன். திடீரென்று மழை பிடித்தது. எங்கள் உப்புக் குவியலை மூடியிருந்த தார்ப்பாய் காற்றில் எழும்பியது. ஆளுக்கொரு ஓரத்தில் குப்புற விழுந்து அமுக்கினோம். விட்டால் அந்த வருஷத்து உழைப்பே கரைந்துவிடும்.

“என்னடி முணுமுணுக்கற, மந்திரமா?”

“‘டிஸின்டக்ரேட்’டுக்கு அர்த்தம் அண்ணி. சிதையறது, உதிர்றது, நொறுங்கறது. டெஸ்ட்ல கேப்பாங்க.”

“சொன்னா மழை நிக்குமா?”

“நிக்காது.”

“அப்ப வாய மூடிட்டு அமுக்கு.”

ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. அதை விட்டால் இன்டர்வியூ இல்லை.

“நீ ஓடு, நான் பாத்துக்கறேன்” என்றார் அண்ணி.

கையை எடுத்ததுமே என் ஓரம் படபடவென்று எழும்பியது. மறுபடி விழுந்தேன். தார்ப்பாயில் முகத்தைப் புதைத்தபடி, பஸ் போகும் சத்தத்தைக் கேட்டேன்.

மழை விட்டதும் தூக்கிப் பார்த்தோம். குவியல் அப்படியே நின்றது. இடுப்பில் செருகியிருந்த இங்கிலீஷ் வார்த்தைப் புத்தகம்தான் பக்கம் பக்கமாகப் பிரிந்து வந்தது. அண்ணி ஒவ்வொரு பக்கமாக வரப்பில் காயவைத்தார்.

படுத்திருந்த நேரமெல்லாம் அந்தக் குவியலைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது ‘டிஸின்டக்ரேட்’ என்ற வார்த்தையை எங்கே பார்த்தாலும், அந்தக் குவியல் சிதையாமல் நின்றதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.