பச்சை அறையில் றிஸ்லா எடுத்த படம்

றிஸ்லா என் மூத்த ராத்தாவின் மகள். கல்முனையில் ஒரு ஸ்டூடியோவில் ஆறு வருடம் அடையாள அட்டைப் படம் வெட்டிக்கொண்டிருந்தவள், பிறகு சொந்தமாகக் கெமரா வாங்கிக் கலியாண வீடுகளுக்குப் போகத் தொடங்கினாள். எங்கள் பக்கம் கலியாணப் பொண்ணை உடுத்தி வைத்திருக்கிற பொண் அறைக்குள் ஆம்பிளைக் கெமராக்காரன் போக முடியாது. எடுத்த படங்களையும் ஆம்பிளைகள் பார்க்கக் கூடாது. படங்களை ஒட்டிய அல்பத்தைப் பொண்ணின் உம்மா கையில் றிஸ்லாவே நேராகக் கொடுத்துவிடுவாள். மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்குகிற தாய்மாமன் எனக்கே ஒரு படம் காட்டியதில்லை. நானும் கேட்டதில்லை. என் தொழில் பெயின்ட் அடிப்பது.

போன வருடம் சம்மாந்துறையில் அவள் எடுத்த கலியாணத்தில் பொண்ணின் முகம் நோயாளி மாதிரி வந்துவிட்டது. கதை ஊரெல்லாம் பரவி, ஒப்புக்கொண்ட இரண்டு வீட்டார் வேண்டாம் என்றார்கள். கெமராவைப் பழுதுபார்க்கக் கொடுத்தாள். பழுது ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தது. மிச்சமிருந்தது மருதமுனைக் கலியாணம் மட்டும். "இதுவும் பிழைச்சா கெமராவ வித்துப்போட்டுப் பழையபடி ஸ்டூடியோவுக்கே போறன் மாமா" என்று அங்கே போகிற வழியில் சொன்னாள். அழவில்லை. அழுகிற ஆளும் இல்லை.

அது பொண்ணின் உம்மா நதீராவின் வீடு. மகளுக்குச் சீதனமாகக் கட்டியது. பெயின்ட் அடித்தது நான்தான். லுஹர் தொழுதுவிட்டுக் குசினிப் பக்கம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். றிஸ்லா கெமராவோடு வெளியே வந்தாள்.

"மாமா, திரும்பவும் அதே மாதிரி வருது. இதப் பாருங்க."

பொண்ணின் முகத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு, சாரியை மட்டும் காட்டினாள். வெள்ளைச் சாரி என்று சொன்னாள். எனக்குப் பச்சையாகத் தெரிந்தது. அந்தப் பச்சையை எனக்குத் தெரியும்.

"இது என்ட பெயின்ட்."

"விளையாடாதீங்க மாமா."

"விளையாட்டில்ல புள்ள. இருவது வீட்டுக்கு அடிச்சிரிக்கன். பெயின்ட் பேணிக்குள்ள கண்டாலும் தெரியும், சாரியில கண்டாலும் தெரியும். பிளாஷ எங்க பாத்து அடிக்கிறா?"

"நேரா முகத்தில அடிச்சா நெத்தி மினுங்கும், பின்சுவத்தில நிழல் விழும். அதுக்குத்தான் சீலிங்கப் பாத்து அடிக்கிற. அங்க பட்டு வெளிச்சம் மெதுவா இறங்கும். ஃபோனில பாத்துப் படிச்சன்."

"அந்த ஃபோன்காரன்ட சீலிங் வெள்ளையாக்கும்."

"சம்மாந்துறை வீட்டுக்கும் நீங்களா அடிச்ச?"

"ஓம்."

"சீலிங்குக்குமா?"

"மிஞ்சின பெயின்ட என்ன செய்யிற?"

அவள் பிளாஷைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். அறைக்குள் போனாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே நடந்த பேச்சு முழுதும் கேட்டது.

"சன்னலுக்குக் கிட்ட கதிரையப் போடுங்க. சன்னலத் திறக்கணும்" என்றாள் றிஸ்லா.

"உனக்கென்ன பைத்தியமா கா?" இது நதீரா. "வெளி முத்தம் நிறைய ஆம்பிளயள். பிளாஷ் இல்லாம எடுக்கிறதுக்கு நீ என்னத்துக்கு? என்ட ஃபோனாலேயே எடுப்பனே."

"மெல்லிசா ஒரு வெள்ளப் பெட்சீட் தாங்க மாமி. சன்னல மூடிக் கட்டினா வெளிச்சம் வரும், ஆள் தெரியாது."

"தெரியாதெண்டு ஆரு சொன்ன?"

"மாமாவ வெளியில நிண்டு பாக்கச் சொல்றன். பொண்ண அங்கால அனுப்பிப்போட்டு நான் கதிரையில இரிக்கன்."

நான் முற்றத்தைச் சுற்றிப் போய்ச் சன்னலுக்கு முன்னால் நின்றேன். பக்கத்தில் பிரியாணிக் கிடாரத்தைக் கிண்டிக்கொண்டிருந்த அச்சிமுகம்மதுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன காக்கா, இந்த வயசில பொண் அறைய எட்டிப் பாக்கிறீங்க?"

"நீ சோத்தப் பாரு. அடிப்பிடிக்குது."

கிட்டப் போய்ப் பார்த்தேன், தள்ளி நின்றும் பார்த்தேன். வெறும் பெட்சீட்தான் தெரிந்தது. "ஒண்டும் தெரியல்ல" என்று சத்தம் போட்டுச் சொன்னேன்.

பிறகு நான் கதவடிக்கு வந்தபோது றிஸ்லா அறை லைட்டை அணைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வெளிச்சமும் பச்சைச் சீலிங்கில் பட்டுத்தான் வருமாம். வெளிச்சம் குறைவென்றால் கெமரா மெதுவாகத்தான் எடுக்குமாம், பொண்ணு அசையக் கூடாதாம். "மூச்சும் விடப்படாதா?" என்று பொண்ணு கேட்டது, உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் படம் கலங்கிப் போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. மாப்பிள்ளை அஸர் தொழுகைக்குப் பிறகு வருவார். முக்கால் மணித்தியாலம்தான் இருந்தது.

மூன்றாவதாக ஒன்று எடுத்தாள். பிறகு நதீராவின் குரல் கேட்டது.

"எங்க, காட்டு பாப்பம். ம்... இருட்டா இரிக்கே."

"பிளாஷப் போடட்டா மாமி?"

"வேணா. சாரி வெள்ளையாத்தான் இரிக்கி. புள்ளட முகமும் அவட முகம் மாதிரியே இரிக்கி. இப்பிடியே எடு."

நான் போய் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

அந்தப் படங்களையும் நான் பார்க்கவில்லை. ஆனால் பெருநாள் முடிந்த கையோடு நதீராவின் தங்கச்சி வீட்டுக் கலியாணம் றிஸ்லாவுக்கே வந்தது. முன்பு வேண்டாம் என்றவர்களில் ஒரு வீட்டாரும் ஆள் அனுப்பினார்கள். இப்போது ஒப்புக்கொள்ள முன்னம் அறை என்ன நிறம், சன்னல் எந்தப் பக்கம் என்று கேட்கிறாள். பச்சை என்றால் முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். அவளால் எனக்கும் ஒரு வேலை கூடியிருக்கிறது: பொண் அறைக்கு மட்டும் வெள்ளை அடியுங்கள் என்கிறார்கள். பழைய பச்சையை மறைக்க மூன்று தரம் பூச வேண்டும். ஏசிக்கொண்டே பூசுகிறேன்.