வருத்தத்துக்கு ஒரு முட்டி

அன்று காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு என் மகள் முற்றத்தில் இருந்து எழும்பப் பார்த்தாள், முடியவில்லை. நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். கைவிசேட நேரம் தவறிவிடக்கூடாது என்று அண்ணா விடியவே வானொலியைக் கேட்டுச் சுவர் மணிக்கூட்டைச் சரிசெய்து வைத்திருந்தார். மகளைத் தூக்கிக்கொண்டு விறாந்தையில் ஏறியபோது அந்த மணிக்கூடு என் கண்ணுக்கு நேரே தொங்கியது.

அன்று சித்திரை வருடப்பிறப்பு. எழுபதுகளின் நடுப்பகுதி, பாண் ரொட்டிக்கும் வரிசை, சீனிக்கும் வரிசை என்றிருந்த காலம். நான் திருகோணமலை நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கணவருக்குக் கொழும்பில் கந்தோர் வேலை, அந்த முறை லீவு கிடைக்கவில்லை. நானும் பதினொரு வயது மகளும் மட்டும் லோஞ்சில் குடாவைக் கடந்து மூதூரில் இறங்கி, கிளிவெட்டியில் அண்ணா வீட்டுக்கு வந்திருந்தோம்.

எங்கள் குடும்பத்துக் கைவிசேடத்தைப் பற்றிச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். வருடப்பிறப்பன்று பஞ்சாங்கம் சொல்லும் நல்ல நேரத்தில் மூத்தவர் வெற்றிலையில் வைத்து முதல் காசைக் கொடுப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டில் அதோடு முடியாது. காசை வாங்குகிறவர் அந்த இடத்திலேயே, எல்லோருக்கும் கேட்க, இந்த வருடம் என்னத்துக்குக் காசு சேர்க்கப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அந்தக் காசு ஒரு புது மண் முட்டிக்குள் விழும். அண்ணாவுக்குக் கைராசி என்று பேர். ஆகையால் எல்லோருடைய முட்டியும் அவர் வீட்டுச் சாமியறையில்தான் இருக்கும். வந்து போகும்போதெல்லாம் அவரவர் முட்டியில் அவரவர் போடுவோம். அடுத்த சித்திரையில், கைவிசேட நேரத்தில் உடைத்துச் சொன்னதை வாங்குவோம்.

சொல்வது மங்கலமானதாக இருக்க வேண்டும். காணி, பசு, வீட்டுக்கு ஓடு, நகை. சொல்லிவிட்டால் காசு அந்தப் பேருக்குச் சொந்தம். ஓட்டுக்கென்று சொன்ன காசில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் வாங்கவும் அனுமதியில்லை. நல்ல ஒழுங்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்குப் படிப்பிக்கிற எனக்குச் சொந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கத் தெரியாது. அந்த முட்டி இல்லாவிட்டால் ஒரு சதமும் மிஞ்சியிராது. போன சித்திரையில் நான் "மகளுக்குச் சங்கிலி" என்று சொல்லியிருந்தேன். பெரியபிள்ளையாகும் வயது, கழுத்து வெறுமையாக இருக்கக்கூடாது என்று ஒரு தாயின் ஆசை.

அவளுக்கு முதல்நாள் இரவே தொப்புளைச் சுற்றி நோவு. பயத்தம்பணியாரம் கூடிப்போன வயிறு என்று ஓமத்தண்ணீர் கொடுத்தோம். விடிய மருத்துநீர் தலையில் வைத்து முழுகினாள், புதுச்சட்டை போட்டாள். இப்போது நோவு வலப்பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது. வலது காலை நீட்டப் போனால் கத்தினாள். சத்தி எடுத்தாள், பச்சையாக வந்தது. உடம்பு கொதித்தது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். என்னோடு படிப்பித்த ஒருத்தியின் தம்பி இப்படித்தான் காலை மடக்கிக்கொண்டு கிடந்தவன். குடல்வால் உள்ளுக்குள் வெடித்து, ஆஸ்பத்திரி வாசலில் செத்துப் போனான். அறுத்து எடுக்கிற ஆஸ்பத்திரி எங்களுக்குக் கடலின் அந்தக் கரையில், திருகோணமலையில் இருந்தது.

பக்கத்து ஒழுங்கையில் யாரையோ இறக்கிவிட வந்த ஒரு பழைய கார் நின்றது. தோப்பூர் முஸ்லிம் ஒருவருடையது. ஓடிப்போய்க் கேட்டேன்.

"ஏத்துங்க டீச்சர், புள்ளைய ஏத்துங்க," என்றார். "என்ட கூலிய பொறகு பாப்பம். ஆனா டாங்கில சொட்டு பெற்றோல் இல்ல. தோப்பூர்க் கடைக்காரன் சொந்த வாப்பாவுக்கும் கடன் குடுக்க மாட்டான். மூதூர்ல காலை லோஞ்சும் போயிரிக்கும், தனிய ஒரு போட்டுப் புடிக்கணும். கையில காசு எடுத்துக்கிட்டு வாங்க."

என் பேக்கில் திரும்பிப் போவதற்கு வைத்திருந்த சில்லறைதான் கிடந்தது. உள்ளே ஓடினேன். அண்ணா புது வேட்டியோடு வெற்றிலைத் தட்டத்துக்கு முன்னால் இருந்தார்.

"தங்கச்சி, கைவிசேடத்துக்கு இன்னும் ரெண்டு மணித்தியாலம் கிடக்கு. அதுக்கு முதல் வீட்டால காசு வெளிய போகப்படாது. போனா வருஷம் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கும்."

"பிள்ளைக்கு ஏலாமக் கிடக்கு அண்ணா."

"பிள்ளைக்கு ஒண்டுமில்லை. நல்ல நாளில வாயில வருத்தத்தைக் கொண்டு வராதை."

வருத்தம் என்று எங்கள் பக்கம் சொல்வது நோயை. அந்தச் சொல்லைக்கூட அவர் மெதுவாகத்தான் சொன்னார், அது கேட்டுத் திரும்பிப் பார்த்துவிடும் என்பது போல.

பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கேயும் அதே பஞ்சாங்கம். "நேரம் வரட்டும் டீச்சர், நானே ஓடி வந்து தாறன்," என்றார் அந்த வீட்டுக்காரர். அடுத்த வீட்டிலும் அதேதான். ஊர் முழுக்க அலுமாரிக்குள் காசு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் கல்நெஞ்சர் அல்லர். ஒருத்தி என் கையைப் பிடித்து அழுதாள், காசு மட்டும் தரவில்லை.

திரும்பி வந்தேன். "அப்ப என்ர முட்டியைத் தாங்கோ," என்றேன்.

"அது சங்கிலிக் காசு. நல்லதுக்கெண்டு சொன்னதை வருத்தத்துக்கு எடுத்தா, வருத்தம் வீட்டுக்குள்ள வந்து குந்திவிடும். படிச்ச பொம்பிளை நீ. உனக்கு ஒரு ஒழுங்கு வேணாமே?"

அண்ணா கெட்டவர் என்று யாரும் நினைக்கவேண்டாம். என் மகளைத் தோளில் வைத்து வயல் முழுக்கக் காட்டியவர். அவளுக்கு நல்லது நடக்கவேண்டும் என்றுதான் அந்தக் காசை அவர் காத்தார். அவளுடைய கழுத்துக்கு வைத்த காசு அவளுடைய வயிற்றுக்கு ஆகாது என்று மனதார நம்பினார். எனக்குப் பயம் வந்ததே அந்த நம்பிக்கையைக் கண்டுதான். கெட்டவரோடு சண்டை பிடிக்கலாம்.

அண்ணாவின் மனைவி, என் மச்சாள், கையில் அகப்பையோடு குசினி வாசலில் நின்றார்.

நான் சாமியறைக்குள் போய் என் முட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து விறாந்தைச் சீமெந்தில் போட்டேன்.

"உடைச்சிட்டியே! பாவி, உடைச்சிட்டியே!"

"ஓம், உடைச்சுப்போட்டன். வருஷம் முழுக்கக் காசு போகட்டும். பிள்ளை போகாமல் இருந்தாக் காணும்."

கதிரைக்குக் கீழே, உரலுக்குப் பின்னால் என்று சில்லறை உருண்டது. சுருட்டிப் போட்ட தாள்களை மட்டும் பொறுக்கிச் சீலைத் தலைப்பில் முடிந்தேன். கார்க்காரர் மகளை வாரித் தூக்கிப் பின் சீற்றில் கிடத்தினார்.

தோப்பூரில் பெற்றோல் ஊற்றியபோது கடைக்காரர் காசை வாங்கி எண்ணியதும், மூதூரில் டிஸ்பென்சரி ஐயா வயிற்றை ஒருமுறை அமத்திப் பார்த்துவிட்டு, "இஞ்ச வச்சிருக்கிறது பிழை, உடனே கொண்டு போங்கோ," என்றதும் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. போட்டுக்காரர் கேட்டதைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். கார்க்காரரும் போட்டில் ஏறினார்.

"நீங்கள் ஏன்?" என்றேன்.

"நீங்க புள்ளையையும் தூக்கி அந்தக் கரையில ஜெட்டிப் படியிலயும் ஏறுவீங்களா டீச்சர்? குந்துங்க சும்மா."

குடாவின் நடுவில் இருக்கும்போது பின்னால் மூதூர்ப் பக்கம் சீன வெடிகள் கேட்டன. கைவிசேட நேரம் வந்துவிட்டது. மகள் என் மடியில் தலையை வைத்து, "அம்மா, மாமா எனக்கும் காசு எடுத்து வைப்பாரா?" என்று கேட்டாள். வைப்பார் என்றேன். பிறகு அவள் பேசவில்லை. பேசாமல் விட்டதுதான் எனக்கு அந்தக் கடலில் பெரிய பயம். அந்தப் பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. வளர்ந்த பிள்ளை, இப்போதும் வயிற்றில் கையை வைத்தால் நான் உதறிக்கொண்டு எழும்புகிறேன்.

பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்கிற சிங்கள டொக்டர் அங்கே இல்லை. "அவைக்கும் இண்டைக்கு வருஷம்தானே," என்றாள் தாதி. "நேரம் பாத்துத்தான் அடுப்பு மூட்டுறவை. ஆள் அனுப்பியிருக்கிறம்." நான் வாங்குப் பலகையில் இருந்தபடி கும்பிட்டேன். எந்தச் சாமியைக் கும்பிட்டேன் என்று தெரியாது. சிங்களப் பஞ்சாங்கத்தைக் கும்பிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். டொக்டர் புதுச் சாரத்தோடும் சேட்டோடும் வந்தார். அடுப்புப் புகை மணம் அவரில் இருந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "எப்ப இருந்து?" என்று தமிழில் கேட்டார். நேற்று இரவிலிருந்து என்றேன். அவர் உடனே உள்ளே போனார்.

அந்த வாங்கில்தான் நான் கணக்குப் போட்டேன். எத்தனை சித்திரைகள், எத்தனை முட்டிகள். காணி, ஓடு, காப்பு, பசு என்று எல்லாவற்றுக்கும் சொல்லியிருக்கிறோம். எல்லா வீட்டுக்கும் கட்டாயம் வருகிற ஒன்றுக்கு மட்டும் ஒருவரும் சொன்னதில்லை. பெயர் சொன்னால் வந்துவிடும் என்று பயந்து, அது வருகிற நேரத்தில் வெறும் கையோடு நிற்கிறோம். காசில்லாமல் நிற்பது ஏழ்மை. காசை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வெறும் கையோடு நிற்பதற்கு என்ன பேர்?

மூன்று மணிக்குப் பிறகு தாதி வந்தாள். "வெடிக்க முதல் எடுத்தாச்சு. நல்ல வேளை கொண்டு வந்தீங்கள்." கார்க்காரர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு எதையோ முணுமுணுத்தார். பிறகு, "அப்ப நான் காரப் பாக்கப் போறன் டீச்சர், றோட்டில விட்டுட்டு வந்திரிக்கன்," என்று போனார்.

அந்த வருடம் அண்ணாவின் வயலில் பூச்சி விழுந்ததும், கிணறு வற்றியதும், தூரத்துச் சொந்தத்தில் ஒரு கலியாணம் குழம்பியதும் எல்லாம் என் முட்டியின் கணக்கில்தான் எழுதப்பட்டன. "நல்ல நாளில காசை வெளிய தள்ளினவள்" என்று எனக்குப் பேர். "டீச்சர் வருத்தத்துக்குப் பாய் விரிச்சு வச்சிருக்கிறா, வராமல் என்ன செய்யும்?" என்று ஒரு பெரியம்மா என் காதுபடவே சிரித்தார். சிரிக்கட்டும். பூச்சிக்கு மருந்து அடிக்காமல் என்னை வைவது லேசான வேலை. நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை. ஒவ்வொரு சித்திரையும் முதலில் வருத்தத்துக்கு என்று உரத்துச் சொல்லி ஒரு காசு போடுகிறேன். அது ஒரு மாதச் செலவுக்குக் காணுமளவு சேர்ந்த பிறகுதான் மற்ற ஆசைகளுக்கு முறை. என்னிடம் படித்த பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன். நகையைப் பிறகு சொல்லுங்கள், முதலில் பயத்தைச் சொல்லுங்கள். பயத்துக்குப் பேர் வைத்துக் காசு ஒதுக்கினவர்களுக்குத்தான் இரவில் நித்திரை வரும்.

சத்திரசிகிச்சை நடந்த அன்றே பின்னேரம், கடைசி லோஞ்சில் மச்சாள் வந்தார், தனியே. வார்ட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"பிள்ளை?"

"நித்திரை. தப்பிவிட்டாள்."

அப்படியே நிலத்தில் குந்தி, முந்தானையை வாயில் வைத்து அழுதார். அழுது முடியட்டும் என்று இருந்தேன்.

"அண்ணா வரேல்லையா?"

"கோவம். அதோட வெக்கமும். எதெண்டு எனக்கே தெரியேல்ல. நேரம் வந்தோண்ண வெத்திலையை நீட்டினார். ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. என்னத்துக்கெண்டு சொல்லிறது, நீ பிள்ளையைக் கொண்டு ஓடின பிறகு?"

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"பசு எண்டன். வாயில அதுதான் வந்தது."

"மச்சாள், நான் இந்த வருஷத்துக்குச் சொல்லேல்ல. இப்ப சொல்லுறன், கேளுங்கோ. என்ர காசு வருத்தத்துக்கு. முட்டி இனி என்ர வீட்டில, என்ர குசினியில இருக்கும். நேரம் பாக்காமல் உடைப்பன்."

வாயைக் கழுவு என்பார் என்று நினைத்தேன். அவர் வார்ட்டுக்குள் எட்டி, கட்டிலில் கிடந்த என் மகளைப் பார்த்தார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, அண்ணா அன்று கொடுத்த, முட்டியில் போடாமல் கொண்டுவந்த கைவிசேடக் காசை என் கையில் வைத்து மூடினார்.

"இதையும் அதுக்குள்ள போடு. எனக்கும் நாலு பிள்ளையள் இருக்கு. மாசாமாசம் முட்டை வித்த காசில கொஞ்சம் கொண்டு வந்து தாறன். உன்ர அண்ணா கேட்டால், பசு வளருது எண்டு சொல்லுறன்."