பாட்டு இறங்கினாலும் எண் இறங்காது

சூபிங் கேரட் நறுக்குவதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு. முப்பத்தோரு வருடம் மோட்டார் ஆலையில் வரைபடம் போட்ட கை, வேறு எப்படி இருக்கும்? முதலில் பென்சிலும் மையும், பிறகு கணினி. கணினிப் பிரிவில் இருந்தபோது சின்னச் சின்ன நிரல்கள் எழுதவும் கற்றுக்கொண்டாள். ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலேயே யூஹூ பூங்காவில் எங்கள் பாட்டுக் குழுவில் வந்து நின்றாள். இரண்டாம் வரிசையில் எனக்குப் பக்கத்து இடம். நான் பேருந்து நடத்துனராக இருந்தவள். என் குரல் கடைசி இருக்கை வரை கேட்கும். அது பாட்டுக்கு நல்லதா என்பது வேறு விஷயம்.

சீனத்தில், எங்கள் சியாங்தான் நகரில் எழுபது பேர் கூடிப் பாட ஆளுக்கொரு தாள் கொடுப்பதில்லை. இரும்புச் சட்டத்தில் போர்வை அகலத் தாளைத் தொங்கவிட்டு, தூ வாத்தியார் மூங்கில் குச்சியால் தட்டித் தட்டிக் காட்டுவார். தாளில் 1 முதல் 7 வரை எண்கள்தான். ச ரி க-வில் ச எப்படியோ, அப்படித்தான் 1. பாடுகிறவர் குரல் எங்கே நிற்கிறதோ அங்கே போய் உட்காரும். எண்ணுக்கு மேலே புள்ளி என்றால் மேல் ஸ்தாயி, கீழே என்றால் கீழ் ஸ்தாயி, அடிக்கோடு என்றால் பாதி நேரம். தாளின் தலையில் சுருதியைச் சொல்ல ஒரு வரி. அவ்வளவுதான்.

வந்த இரண்டாவது வாரமே தாள் எழுதும் வேலை சூபிங் தலையில் விழுந்தது. ஆறு வருடம் எழுதினாள். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. இன்னும் எழுதினால் அறுவை சிகிச்சைதான் என்றார் மருத்துவர்.

"விட்டுத் தொலையேன்" என்றேன்.

"நான் விட்டா புதுப் பாட்டை யாரு எழுதுவா, நீங்களா? உங்க மூணும் அஞ்சும் சண்டை போட்டுக்கிட்டு நிக்கும் அக்கா."

கணினியே எழுதட்டும் என்று முடிவு செய்தாள். பல நாட்டவர் சம்பளமில்லாமல் சேர்ந்து வளர்க்கும் இசைத்தாள் மென்பொருள் ஒன்று இருந்தது. அதற்கு மேல்நாட்டு ஐந்து கோட்டு இசைக்குறி தெரியும், எங்கள் எண் தெரியாது. சேர்க்கச் சொல்லிக் கேட்டாள். வேண்டும் என்பவரே செய்து தரலாம் என்று பதில் வந்தது. நானாக இருந்தால் திட்டிவிட்டுப் படுத்திருப்பேன். அவள் சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கத்தை ஒதுக்கிக்கொண்டு, இடது கையால் தட்டித் தட்டி ஒன்றரை வருடம் உட்கார்ந்தாள். நான் எதிரே பாக்கு மென்றுகொண்டு ஊர்வம்பு பேசுவேன். அவள் "ம்" போடுவாள். கீழ் ஸ்தாயிப் புள்ளி அடிக்கோட்டுக்கும் கீழே விழ வேண்டும், எண்ணுக்கும் கோட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளக் கூடாது. அந்த ஒரு புள்ளிக்கு மட்டும் பதினொரு நாள் ஆனது.

அனுப்பிய வேலையைச் சரிபார்த்தவர் பெல்ஜியத்தில் இருந்த ஒரு பியானோக்காரர். நல்ல மனிதர். ஒரே ஒரு குறை சொன்னார். பாட்டின் சுருதியை இறக்கினால் எண்கள் அப்படியே நிற்கின்றன, ஒலி இறங்கினால் எண்ணும் இறங்க வேண்டும், இது பிழை. சூபிங் இரண்டு நாள் யோசித்தாள். அவரோ இதில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவர் சொன்னபடியே மாற்றிவிட்டாள்.

சனிக்கிழமை கலைமன்றத்தில் எங்கள் நிகழ்ச்சி. புதன்கிழமை காலை, முதல் அச்சுத் தாள் சட்டத்தில் ஏறியது. முன்வரிசையில் தனியாகப் பாடும் வென்லானுக்குத் தொண்டை கட்டியிருந்ததால், சூபிங் முன்யோசனையாகச் சுருதியை ஒரு படி இறக்கியே அச்சிட்டிருந்தாள். தூ வாத்தியாரும் அக்கார்டியனில் ஒரு படி இறக்கித்தான் பிடித்தார். தாளில் 5 இருந்த இடத்தில் 4, 3 இருந்த இடத்தில் 2. எழுபது பேரும் எழுபது ஊருக்குப் போனார்கள்.

வாத்தியார் நிறுத்தினார். "ஏம்மா சூபிங், மாடியில இருக்கறவன் கீழ்வீட்டுக்குக் குடி வந்தா பேரை மாத்திக்குவானா?"

அவள் சட்டத்திலிருந்து தாளைக் கழற்றப் போனாள்.

"தொண்டை கட்டினது வென்லானுக்கு, பாட்டுக்கு இல்ல. சனிக்கிழமை மேடை. இந்த மெஷின் தாள் வேண்டாம், பழையபடி கையாலயே எழுதிடு" என்றவர், அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்தபோது சூபிங் சொன்னாள்: "எனக்குத் தெரியும் அக்கா. தெரிஞ்சேதான் மாத்தினேன். அவரு பெரிய ஆளாச்சேன்னு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தப் பெரிய ஆளு என்னைக்கு நம்ம பூங்காவுல வந்து பாடினாரு? நீ ஏழு வருஷத்துக்கு மேல பாடுறே. உனக்குத் தெரியாததா அவருக்குத் தெரியும்?"

அவள் கிண்ணத்தைக் காலி செய்யும்வரை யோசித்தாள். மதியத்துக்குள் நிரலைப் பழையபடி ஆக்கிவிட்டாள். சுருதியை மாற்றினால் தாளின் தலையில் அந்த ஒரு வரி மட்டும் மாறும், எண்கள் அசையாது. ஆனால் பெல்ஜியக்காரரிடம் எழுத்தில் வாதாடுவது அவளுக்கு வராது. அதனால் வியாழக்கிழமை காலை கைப்பேசியை மரத்தில் கட்டிவைத்துப் படம் பிடித்தாள். ஒரே தாள். வாத்தியார் அக்கார்டியனில் சுருதி கொடுத்தார், பாடினோம். ஒரு படி இறக்கினார், பாடினோம். இன்னொரு படி இறக்கினார், அப்போதும் பாடினோம். யாரும் தடுமாறவில்லை. வாத்தியார் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "தாள் இருக்கட்டும்" என்றார். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு வந்ததில்லை.

நிரலையும் படத்தையும் அன்றே அனுப்பினாள். வெள்ளிக்கிழமை பெல்ஜியத்திலிருந்து பதில். சூபிங் எல்லாருக்கும் படித்துக்காட்டினாள்: "தவறு என்னுடையது. உங்கள் வேலையை அப்படியே சேர்த்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். இரண்டாம் வரிசையில் ஒரு குரல் மட்டும் மூன்று தடவையும் இறங்கவே இல்லை. அது வேறு ஏதாவது குறியீட்டு முறையா?"

அறுபத்தொன்பது பேர் சிரித்தார்கள்.

"எங்க பெங் அக்கான்னு எழுதிடட்டுமா?" என்றாள்.

"தாராளமா எழுது. கடைசி சீட்டு வரைக்கும் கேக்கற குரல்னு அதையும் சேர்த்து எழுது."

சனிக்கிழமை மேடையில் அவளுடைய அச்சுத் தாள் தொங்கியது. முன்பெல்லாம் பாடும்போதும் அவள் கண் தாளிலேயே இருக்கும், எந்தப் புள்ளி கோணல், எதைத் திருத்தி எழுத வேண்டும் என்று. அன்று வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, எதிரே இருந்த ஜனங்களைப் பார்த்துப் பாடினாள். பக்கத்தில் நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று என் சுருதி விலகியதற்குக் காரணம் அதுதான். மற்ற நாட்களுக்கு என்ன காரணம் என்று கேட்காதீர்கள்.