ஏழு மாதம் துவைக்காத ஜீன்ஸும் பதினாலாம் நம்பர் சீட்டும்

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் டிரைவர் முனிராஜ் அண்ணன் என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார்.

அதில் என்ன இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் என் ஜீன்ஸ் கதை.

எனக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் டூல் ரூம் வேலை. தினமும் சூளகிரியிலிருந்து கம்பெனி பஸ்.

ஏழு மாதம் முன்னால் ஒரு ஜீன்ஸ் வாங்கினேன். சும்மா ஜீன்ஸ் இல்லை! அந்தக் காலத்துச் சுரங்கத் தொழிலாளி போட்ட மாடலை அச்சு அசலாகத் திரும்பத் தைத்தது. தகரம் மாதிரி துணி. ஜிப்புக்குப் பதில் பட்டன். காலை மடித்துவிட்டால் உள்ளே சிவப்புக் கரை தெரியும். கழற்றிச் சுவரோரம் வைத்தால் தானாக நிற்கும். (நான்தான் நிற்கிறேன் என்று அப்பா இரண்டு முறை அதனிடம் பேசியிருக்கிறார்.)

இதற்கு ஒரே விதி. சீக்கிரம் துவைக்கவே கூடாது! நாம் உட்கார்ந்து எழ எழ, மடங்கும் இடங்களில் சாயம் உதிரும். தொடையில் மீசை மாதிரிக் கோடுகள் விழும். முழங்காலுக்குப் பின்னால் தேன்கூடு விழும். ஜீன்ஸ் பைத்தியங்களின் ஆன்லைன் குரூப்பில் சத்தியம் செய்தார்கள்.

உதிரும் சாயம் எங்கே போகும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் பெட்ஷீட் நீலமானது. வெள்ளை ஷூ நீலமானது. மடியில் தூங்கும் எங்கள் வெள்ளைப் பூனை ஒரு பக்கம் மட்டும் நீலமானது. (அம்மா அதற்குத் திருஷ்டி கழித்தார்.)

ஆயுத பூஜை வந்தது. முனிராஜ் அண்ணன் பஸ்ஸைக் கழுவி, கறுப்பு ரெக்ஸின் சீட்டுக்கெல்லாம் பாலிஷ் போட்டு, வாழைக்கன்று கட்டி, கல்யாண வண்டி மாதிரி ஆக்கிவிட்டார்.

அடுத்த வாரம் முழுக்க மழை. தினமும் நனைந்துகொண்டே ஏறி, என் வழக்கமான பதினாலாம் நம்பர் சீட்டில் உட்கார்ந்து வந்தேன். என்னை இறக்கிவிட்டதும் அதே பஸ் திரும்பிப் போய் ஜெனரல் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிவரும். எங்கள் யூனிஃபார்ம் பேண்ட் சந்தன நிறம். நான் லாக்கரில் மாற்றிக்கொள்வேன். அவர்கள் வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வருவார்கள்.

முதல் நாள் அசெம்பிளி லைன் கவிதா அக்கா. பின்னால் இரண்டு நீல வட்டம்!

மறுநாள் ஸ்டோர்ஸ் ஆள். அதற்கு மறுநாள் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர்.

மூன்று நாளில் மூன்று நீலப் பின்புறங்கள்!

அட்மின் சேகர் சார் கேட்டருகே முனிராஜ் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

"பூஜைக்கு சீட்டுல என்னத்தய்யா தடவுன?"

"வருசா வருசம் போடுற பாலிஷ்தான் சார்!"

"அப்ப நீலம் எங்கிருந்து வந்துச்சு? திங்கக்கிழமையிலிருந்து நீ போச்சம்பள்ளி ரூட்டுக்குப் போ."

அண்ணனின் முகம் செத்துவிட்டது. அவர் வீடு சூளகிரியில். அப்பா படுத்த படுக்கை. இரண்டு டிரிப்புக்கு நடுவில் ஓடிப்போய் அவருக்கு இட்லி ஊட்டிவிட்டு வருவார். போச்சம்பள்ளி போனால் அது நடக்காது.

எனக்கு உண்மை தெரியும். கவிதா அக்காவின் பேண்ட்டைப் பார்த்த நொடியே தெரிந்துவிட்டது. அது என் பூனையின் நிறம்!

சொன்னேனா? இல்லை. சொன்னால் ஜீன்ஸைத் துவைக்க வைப்பார்கள். இன்னும் ஒரு மாதம் தள்ளினால், யார் ஜீன்ஸ் அழகாக வெளுத்தது என்று குரூப்பில் நடக்கும் போட்டிக்குப் போட்டோ அனுப்பலாம். (ஆமாம், அவ்வளவு கேவலமானவன்தான்.)

அன்று சாயந்திரம் பஸ்ஸில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தேன்.

முனிராஜ் அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டார். "ஏந் தம்பி நிக்கற? மூலமா?"

"அதெல்லாம் இல்லண்ணா..."

"கூச்சப்படாத. கருணைக்கிழங்கு சாப்புடு. திங்கக்கிழமை வேற டிரைவர் வருவான். ஸ்பீட் பிரேக்கர்ல மெதுவாப் போகச் சொல்லி அவங்கிட்ட சொல்லிட்டுப் போறேன்."

தன் ரூட்டே போகிறது, இந்த மனுஷன் என் பின்புறத்துக்குக் கவலைப்படுகிறார்!

மறுநாள் காலை யூனிஃபார்ம் மாற்றாமல் நேரே அட்மின் ரூமுக்குப் போனேன். மெஷின் துடைக்கும் வெள்ளை பனியன் வேஸ்ட் துணி ஒன்றை எடுத்து, சேகர் சார் முன்னால் என் தொடையில் பத்து முறை தேய்த்தேன். துணி நீலம்!

"துவைச்சு எத்தன நாளாச்சு?"

"ஏழு மாசம் சார்."

சார் தன் உருளும் ஆபீஸ் நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளிக்கொண்டார்.

எங்கள் கம்பெனியில் எந்தத் தப்புக்கும் ஒய்-ஒய் ஃபார்ம் எழுத வேண்டும். ஐந்து 'ஏன்', ஐந்து பதில். எழுதினேன்.

ஏன் சீட் நீலமானது? ஜீன்ஸ் சாயம் விட்டது.

ஏன் சாயம் விட்டது? துவைக்கவில்லை.

ஏன் துவைக்கவில்லை? சில இடம் மட்டும் வெளுக்க வேண்டும்.

ஏன் வெளுக்க வேண்டும்? பழைய பேண்ட் மாதிரித் தெரிய.

ஏன் பழைய பேண்ட்டே வாங்கவில்லை?

ஐந்தாவது கட்டம் காலி. சார் அதில் சிவப்பு மையால் 'ஓப்பன் பாயிண்ட்', அதாவது இன்னும் தீராத விஷயம், என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்!

ஆனால் முனிராஜ் அண்ணனின் ரூட் மாறவில்லை. அது போதும். சீட்டை நானே தேய்த்துக் கழுவினேன். கவிதா அக்கா பேண்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "நீதான் துவைக்கணும். ஏழு மாசம் கழிச்சில்ல, இன்னைக்கே!"

ஞாயிற்றுக்கிழமை ஜீன்ஸுக்கு முதல் குளியல். உள்பக்கம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில், துளி சோப்புத்தூள், முறுக்காமல், நிழலில் காயப்போட்டேன். மூன்று பக்கெட்டும் இங்க் பாட்டில்.

காய்ந்ததும் பார்த்தால்... அடடா! தொடையில் மீசை! முழங்காலுக்குப் பின்னால் தேன்கூடு! பாக்கெட்டில் என் போனின் அச்சு! கண்ணே கலங்கிவிட்டது.

நேற்று அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். முனிராஜ் அண்ணன் பதறிவிட்டார்.

"ஐயய்யோ, தம்பி! என்னால உன் புதுப் பேண்ட்டு இப்படி வெளுத்துப் போச்சே!"

"இல்லண்ணா, இது இப்படித்தான்..."

"எனக்காகத்தான துவைச்ச? எனக்குத் தெரியாதா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு கியர் போட்டார்.

இன்று காலைதான் அந்தப் பொட்டலம். பிரித்தேன்.

நீலச் சாயப் பவுடர்!

"சூளகிரி சந்தைல தேடிப் புடிச்சேன். கொதிதண்ணில போட்டு ஒரு மணி நேரம் ஊற வெய்யி. புதுசாட்டம் ஆயிரும். நாளைக்கு அதத்தான் போட்டுட்டு வரணும், நான் பாக்கணும்!"

ஃபிரண்ட்ஸ், நாளைக் காலை ஆறு பத்துக்குப் பஸ்.

பவுடர் ஒரு கையில், ஜீன்ஸ் ஒரு கையில், வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்ய?