‘தேவையில்லை’ என்று எழுதிய செல்வராசு

செல்வராசு இறந்துவிட்டார் என்று அவர் மைத்துனர் ஆலையின் டைம் ஆபீசுக்குப் போன் செய்தபோது காலை பத்து மணி இருக்கும். பெரம்பலூரில் தங்கை வீட்டுக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் முடிந்துவிட்டது. பேக்கிங் பகுதியின் வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக அப்போதுதான் நான் ‘விடுப்பு’ என்று எழுதியிருந்தேன். அதை என்னவென்று மாற்றுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அவரோடு ஆடியவர்களுக்கும் அவரிடம் திட்டு வாங்கியவர்களுக்கும் நான் அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றின் கூடைப்பந்து அணிக்கு, தொண்ணூற்றைந்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்து சேர்ந்தவர் அவர். ஏட்டில் மூட்டை தைக்கும் தொழிலாளி. செய்த வேலை பந்து ஆடுவது. எங்கள் ஆலையில் ஆட்டக்காரர் எல்லோருக்கும் அதுதான் ஏற்பாடு. அவர் பந்தை எறிந்துவிட்டு, கூடையில் விழுந்ததா என்றுகூடப் பார்க்காமல் திரும்பி நடப்பார். “அவ்வளவு திமிராய்யா?” என்று கேட்டேன். “விழுந்தா நீங்க கத்துவீங்கள்ல மாப்ள, அப்ப தெரிஞ்சிக்கறேன்” என்றார்.

மூன்று வருடம் கழித்து சென்னையில் ஒரு வங்கி அணி அவரைக் கூப்பிட்டது. நிரந்தர வேலை, மரப்பலகை பதித்த உள்ளரங்கம், நாடு முழுக்கப் போட்டிகள். போக வேண்டுமானால் ஆலை விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். அதற்கு முன் அணி மேலாளர், இவர் அணிக்குத் தேவையா இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அணியில் ஆடிக்கொண்டே மேலாளராகவும் இருந்தது நான்தான். ஒரு பக்கம் முழுக்கப் புகழ்ந்து எழுதினேன். இவரைப் போல் ஓர் ஆட்டக்காரர் இந்த மாவட்டத்தில் கிடையாது, இவர் இல்லாமல் அணியே இல்லை, மிகவும் தேவை. “நீங்களே இப்படி எழுதியிருக்கீங்க, எப்படிங்க விடறது?” என்று நிர்வாக ஆபீசில் கடிதத்தை மறுத்துவிட்டார்கள். மறுப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதினேன். அந்த வருடம் கோப்பை வரும் என்ற பேராசை எனக்கு. “என்ன மாப்ள எழுதுன?” என்று கேட்டார். “நல்லாத்தான் எழுதுனேன்” என்றேன். வேலையை உதறிவிட்டுப் போக அவரால் முடியாது. கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள் இருந்தார்கள்.

கோப்பை வந்தது. கூடவே அவர் வலது முழங்காலும் போனது. ஆட முடியாது என்று ஆலை மருத்துவர் எழுதிவிட்டால் நேரே பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, எல்லோரும் சேர்ந்து அதை மறைத்தோம். மருத்துவர் மைதானத்துப் பக்கம் வந்தால் செல்வராசுவை ஓரமாக நிறுத்திவிட்டு நாங்கள் அவருக்கும் சேர்த்து ஓடினோம். பெரிய உதவி செய்வதாக நினைப்பு. ஒரு வருடம் அப்படி ஆடவைத்தே முழங்காலில் மிச்சமிருந்த பலத்தையும் கெடுத்தோம். ஒருநாள் பஸ் படி ஏற முடியாமல் நின்றுவிட்டார். அதன்பிறகு ஏட்டில் இருந்த வேலை நிஜ வேலையாகிவிட்டது. புருவத்தில் சிமெண்ட் தூசியோடு நின்று மூட்டை தைத்தார். பேக்கிங் ஜன்னலிலிருந்து பார்த்தால் மைதானம் தெரியும். “அஞ்சு மணிக்குப் பந்து சத்தம் கேக்குது மாப்ள. ஜன்னல சாத்தச் சொன்னா மூச்சு முட்டுதுங்கறானுவ” என்றார்.

இரண்டு வருடம் ஆபீசுக்கு நடையாய் நடந்து பயிற்சியாளர் பொறுப்பை வாங்கினார். அதுவும் மாலையில் மட்டும், பகலில் பேக்கிங்தான். முதலில் மோசமான பயிற்சியாளராகத்தான் இருந்தார். யார் பந்தைத் தவறவிட்டாலும், “நானா இருந்தா போட்டிருப்பேன்” என்பார். ஒரு போட்டியில் பொறுக்க முடியாமல் நொண்டிக்கொண்டே ஆடுகளத்துக்குள் ஓடிவிட்டார். நடுவர் தண்டனை கொடுத்தார். ஒரு புள்ளியில் தோற்றோம். அடுத்த ஆட்டத்துக்கு வந்தவர் தோளில் கிடந்த துண்டால் இடுப்பை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். “சிரிக்காதய்யா. கட்டலன்னா திரும்ப ஓடிடுவேன்” என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அப்படி உட்கார்ந்தபடியே அவர் உருவாக்கிய ஆட்டக்காரர் அன்பழகன், தா.பழூர்க்காரர். இரண்டாயிரத்து நான்கில் அவருக்கும் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. அதே மாதிரி விடுவிப்புத் தாள் என் மேசைக்கு வந்தது. செல்வராசு ஷிப்ட் முடிந்த தூசியோடு நேரே என்னிடம் வந்தார்.

“அத இங்க கொண்டா. இந்தத் தடவ நான் எழுதறேன்.”

“ஏன், நான் எழுத மாட்டனா?”

“நீ எழுதுனா நல்லா எழுதிடுவ மாப்ள.”

“உனக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டேன். “அன்னைக்கே. உன் மூஞ்சியில இருந்துச்சே” என்றபடி எழுத உட்கார்ந்தார். மூன்றே வரி, கீழே பயிற்சியாளர் என்று அவர் கையெழுத்து. ஒழுங்காகப் பயிற்சிக்கு வருவதில்லை. ஓட உடம்பு வணங்குவதில்லை. அணிக்குத் தேவையில்லை. பத்து நாளில் விடுவிப்புக் கடிதம் வந்துவிட்டது. ஆபீசில் யாரோ அந்த மூன்று வரியை அன்பழகன் காதில் போட, அவர் பயிற்சியாளரிடம் சொல்லிக்கொள்ளாமலே ஊரைவிட்டுப் போனார். அந்த வருடம் முதல் சுற்றிலேயே தோற்றோம். பயிற்சியாளர் பொறுப்பைப் பறித்து, செல்வராசுவை முழுநேரமும் பேக்கிங்கிலேயே நிறுத்திவிட்டார்கள். இறக்கும்வரை அங்கேதான் இருந்தார்.

“அவன்கிட்ட உண்மையச் சொல்லிடவா?” என்று பலமுறை கேட்டேன். முதலில், விஷயம் ஆபீசுக்குப் போய்க் கடிதத்தைத் திரும்ப வாங்கிவிடுவார்கள் என்று தடுத்தார். அந்தப் பயம் தீர்ந்த பிறகும், “எம்மேல உள்ள கோவத்துலயே நல்லா ஆடறான். கெடுக்காத” என்றார்.

அடக்கத்துக்கு அன்பழகன் வந்திருந்தார். மாலையைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று, “என்னைய ஏன் சார் வேணாம்னாரு?” என்று கேட்டார். அத்தனை பேர் முன்னால் எனக்கு வாய் எழவில்லை.

அன்பழகா, இங்கே சொல்கிறேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தத் தாளின் நகல் ஒன்றுதான். உன்னைப் பற்றி அதில் எழுதியிருக்கும் மூன்று வரியும் பொய். உன்னை வெளியே அனுப்ப அவருக்கு வேறு வழி இல்லை. அவரைப் பற்றி அன்று நான் எழுதிய ஒரு பக்கத்தில் பொய் என்று ஒரு வார்த்தைகூடக் கிடையாது.