கிள்ளானில் ஒரு முடிவு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு முடிவு

உங்கள் பெரியக்காவுக்குப் பதின்மூன்று வயதில் நடக்கவிருந்த கல்யாணம் எப்படி நின்றது என்று நீங்கள் அவளிடமே எத்தனையோ முறை கேட்டிருக்கிறீர்கள். அவள் சிரித்துவிட்டு, "அப்பாவைக் கேளுங்க" என்று நழுவிவிடுவாள். நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன். கோர்வையாக எழுத வருமோ என்னவோ, நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது. எனக்கு ரயில்வேயில் சரக்கு ஏற்றி அனுப்பும் இடத்தில் வேலை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அக்கா பெரிய மனுஷியாகி மூன்று மாதம். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு சரி. பந்தல் போடவில்லை, ஒருவரையும் அழைக்கவில்லை. மேளம் அடித்தால் இந்த வீட்டில் வயசுப் பெண் இருக்கிறாள் என்று பட்டாளத்துக்கே சொல்லி அனுப்பினது மாதிரி ஆகிவிடுமே! அன்றோடு அவள் வாசல் தாண்டுவதும் நின்றது, பள்ளிக்கூடமும் நின்றது. உங்கள் அம்மாவே அவள் முடியைப் பையன் மாதிரி கத்தரித்துவிட்டாள். தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் அவள் பரணில் ஏறிக்கொள்வாள். சத்தம் அடங்குகிறவரை நாங்கள் கீழே மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்போம்.

அந்த நேரத்தில்தான் கிள்ளானிலிருந்து உங்கள் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்கு அரிசிக் கிடங்கில் வேலை. வயது முப்பது. முதல் சம்சாரம் தவறிவிட்டது.

"கழுத்துல தாலி ஏறிட்டா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான் மாப்பிள்ளை. சோத்துக்கும் கவலை இல்ல. நாம மரவள்ளிக்கிழங்கத் தின்னுட்டு என்னத்த யோசிக்கிறது?" என்றார் மாமா.

கல்யாணமான பெண்ணை ஜப்பான்காரன் விட்டுவிடுவான் என்று அப்போது எல்லோரும் நம்பினோம். செந்தூல் பக்கத்தில்கூட இரண்டு மூன்று வீடுகளில் அவசர அவசரமாக முடித்திருந்தார்கள். நானும் சரி என்று சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து முடிவு கேட்டுக்கொள்கிறேன் என்று மாமா போனார்.

நடுவில் ஒரு நாள் மத்தியானம் வேலை இல்லை. படக்கொட்டகைக்குப் போனேன். முதலில் ஜப்பான்காரன் எந்தக் கப்பலை முக்கினான் என்று காட்டினார்கள், பிறகு சண்டைக்கு முந்தி வந்த ஒரு பழைய தமிழ்ப் படம். கதை நம் வீட்டுக் கதையேதான். பதின்மூன்று வயசுப் பெண். பெரியவளானதும் வீட்டில் அடைக்கிறார்கள். புதுத் தாவணியோடு அவள் கொய்யா மரத்தில் ஏறி, தாவணியைக் கிழித்துக்கொண்டு அடி வாங்குகிறாள். பிறகு கல்யாணப் பந்தல். மேளம் கொட்டுகிறது, மாலையோடு தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். அங்கே படம் ஒரு வெட்டு வெட்டியது. அடுத்த காட்சியில் தகப்பன் கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையில் புத்தகப் பையைக் கொடுக்கிறான். அவள் பாவாடை பறக்கப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறாள். படம் அதோடு முடிந்தது.

நான் வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. பந்தல்வரை வந்த பிறகும் ஒரு தகப்பன் நிறுத்தியிருக்கிறானே என்று அதே நினைப்பு. வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அக்காவிடமும் ஒரு காட்சி விடாமல் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். வந்ததும் வராததுமாக, "போன வாரம் கிள்ளான்ல ஒரு படம் பார்த்தேன். அதுல வர்றான் பாருங்க, அவன் தகப்பன்! பொண்ணு ஆடுன ஆட்டத்துக்கெல்லாம் மசியாம கல்யாணத்த முடிச்சான்" என்றார்.

விசாரித்தால் அதே படம்.

"முடிக்கல மச்சான், நிறுத்திட்டான்" என்றேன்.

"யாரு நிறுத்துனா? கல்யாணத்தோடதானே படமே முடியுது! மாப்பிள்ளை, நீங்க கொட்டகையில தூங்கிட்டீங்க."

"நான் தூங்கல. நீங்கதான் பாதியில எழுந்து சுருட்டு பிடிக்கப் போயிருப்பீங்க. அப்பன் அழுதுகிட்டே பையைக் கொடுக்கிறானே, அதப் பார்க்கலையா?"

"பார்த்தேனே. அது முதல்ல வருது. பொண்ணு வகுப்புல முதலா வந்துருச்சுன்னு பெருமையில அழறான்."

"பெருமையில இல்ல. தப்பு பண்ண இருந்தோமேன்னு அழறான்."

அடுத்த வீட்டு அக்கா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். மெதடிஸ்ட் பள்ளியில் படித்தவர், பேச்சில் விட்டுக்கொடுக்க மாட்டார். அவரும் வீட்டுக்காரரோடு எங்கள் கொட்டகையில்தான் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார்.

"தம்பி சொல்றதுதான் சரி. நானும் கண்ணால பார்த்தேன். கல்யாணம் நடந்துச்சுன்னா தாலி கட்டுனத எங்க காட்டுனான், சொல்லுங்க பார்ப்போம்?"

"தாலி எடுக்கிற நேரத்துல படம் அறுந்து போச்சும்மா. பழைய படம் லா! படம் அறுந்தா கல்யாணம் நடக்கலேன்னு அர்த்தமா?"

"கிள்ளான்காரங்களுக்கு மட்டும் தனியா கல்யாணம் பண்ணிக் காட்டுனாங்களாக்கும்."

"சரி, அதை விடுங்க. தாவணியக் கட்டிக்கிட்டு மரத்துல ஏறுச்சே, அது திமிரா இல்லையா? பழம் வேணும்னா கேட்டா பறிச்சுத் தர மாட்டாங்களா?"

அப்போது உள்ளேயிருந்து உங்கள் அக்காவின் குரல் வந்தது. பெரியவர்கள் பேச்சில் அவள் தலையிட்டதே கிடையாது.

"அவ பழம் பறிச்சான்னு அப்பா சொல்லவே இல்லையே மாமா. பள்ளிக்கூடத்தப் பார்க்கத்தான் ஏறியிருப்பா."

"உனக்கு எப்படிம்மா தெரியும்? நீ படம்கூடப் பார்க்கலையே" என்றேன்.

"பரண்ல ஓட்டு இடுக்கு வழியா பார்த்தா பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறது தெரியும்ப்பா. பூட்ஸ் சத்தம் கேட்காதப்பவும் நான் ஏறுவேன்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அந்தப் படத்துத் தகப்பன் பக்கத்தில் நிற்பது மாதிரி ஒரு தைரியம் வந்தது. "வேண்டாம் மச்சான். அவங்ககிட்ட சொல்லிருங்க" என்றேன்.

"நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்கிட்ட வந்து நிக்காதீங்க!" மாமா அம்மா கொடுத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து, அந்தக் கொட்டகையில் படம் ஓட்டுகிற சீனர் ஈப்போவுக்கு ரயிலில் அனுப்ப அதே படத்தின் சுருள் டின்களை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு டின்னிலும் நம்பர் ஒட்டிய காகிதம் இல்லை. நம்பர் இல்லாமல் சுருள்களின் வரிசை எப்படித் தெரிந்தது என்று மலாயில் கேட்டேன். கிள்ளானிலிருந்து திறந்த லோரியில் வந்தபோது மழையில் காகிதமெல்லாம் கரைந்துவிட்டதாம். தமிழ் தெரியாததால் ஓட்டிப் பார்த்து அவரே வரிசை வைத்தாராம்.

"கல்யாண டின்னை எங்கே வைத்தீர்கள்?"

"அது முன்னாடி. பாவாடை போட்ட பிள்ளை கடைசி. அது அந்தப் பொண்ணோட மகள்தானே? காவின் டுலு, அனாக் கெமுடியான்!" என்று சிரித்தார். முதலில் கல்யாணம், அப்புறம்தான் பிள்ளை என்கிறார்.

ஒரே பெண்ணைத் தாயும் மகளும் ஆக்கிவிட்டார் மனுஷர். நான் அங்கேயே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். மாமா சொன்னதுதான் நிஜம்: பள்ளிக்கூடம் முதலில், கல்யாணம் கடைசியில். அந்தத் தகப்பன் ஒன்றையும் நிறுத்தவில்லை. இல்லாத ஒருவனை நம்பி நான் வாயைத் திறந்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"அந்தச் சீனர் நல்லா இருக்கணும்" என்றாள். பிறகு, "படத்துல அவன் நிறுத்தலேன்னா போகட்டும். நீங்க நிறுத்துனீங்கல்ல?" என்றாள்.

மாதக்கணக்காக நெஞ்சில் இருந்த பாரம் அந்த ஒரு வார்த்தையில் இறங்கியது. பயம் போயிற்று என்று சொல்ல மாட்டேன். பிறகும் இரண்டு வருஷம் பூட்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் செத்துப் பிழைத்தோம். பல வீடுகளுக்கு வந்த கஷ்டம் எங்களுக்கு வராமல் போனதற்கு என் சாமர்த்தியம் காரணம் இல்லை. ஆனால் செய்தது தப்போ என்று மட்டும் ஒரு நாளும் தோன்றவில்லை. அடுத்த வீட்டு அக்கா தினமும் வந்து உங்கள் பெரியக்காவுக்குக் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்தார்.

ஜப்பான்காரன் சரணடைந்தான் என்று செய்தி வந்த வாரம், மாமா கிள்ளானிலிருந்து வந்தார். கையில் சின்னப் பையில் அரிசி. இரண்டு வருஷம் அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. உட்காரக்கூட இல்லை, உள்ளே எட்டிப் பார்த்தார், பரணை அண்ணாந்து பார்த்தார்.

"எங்க அவ? புள்ளையக் காணோமே?" என்றார்.

"வெளியே போயிருக்கா மச்சான்" என்றேன்.

அப்படிச் சொல்ல எவ்வளவு நன்றாக இருந்தது! அவர் கேட்காமலே இன்னொரு தடவை சொன்னேன்.