சித்தப்பாவுக்கு இரண்டு விசில்

சித்தப்பா இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். அத்தனை வருடத்தில் ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட வண்டியை ஏற்றியதில்லை என்பது அவரே சொல்லும் தகவல். கோழிகளை யாரும் விசாரித்ததில்லை. பஸ்ஸைத் தவிர வேறு எந்த வண்டியையும் அவர் ஓட்டியதும் இல்லை. சைக்கிளில் டிப்போவுக்குப் போவார், பஸ்ஸை எடுப்பார், பஸ்ஸை விடுவார், சைக்கிளில் வீட்டுக்கு வருவார்.

அப்படிப்பட்டவர் இந்த நாட்டுக்கு வந்து முதல் வருடம் முழுக்கத் தலையணை உறை மடித்தார்.

சித்தி அவருக்கு இரண்டு வருடம் முன்பே வந்து, ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, சூப்பர்வைசராகவும் ஆகியிருந்தார். அங்கே இயந்திர இரைச்சலில் வாயால் சொல்வது எதுவும் யார் காதிலும் விழாது. அதனால் சித்தியின் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். உருளையில் துணி சிக்கினால் நீளமாக ஒன்று. எல்லோரும் நிறுத்திவிட வேண்டும். சிக்கை எடுத்த பிறகு குட்டையாக இரண்டு. சித்தப்பா மடித்த உறையின் ஓரம் சேரவில்லை என்றால் விசில்கூடக் கிடையாது. சித்தி அதை உதறி அவர் முன்னாலேயே திரும்பப் போட்டுவிடுவார். ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது உறை அப்படித் திரும்பி வரும்.

"வீட்லதான் அவ சொல்றதைக் கேக்குறேன். எட்டு மணி நேரமாவது வெளிய நிம்மதியா இருக்கலாம்னு பாத்தா அங்கயும் அவளே நிக்கிறா. மனுஷன் எங்கதான் போறது அம்மாடி?" என்பார்.

அம்மாடி என்பது நான். அவருடைய அண்ணன் மகள். படிக்க வந்த இடத்திலேயே வேலை கிடைத்து, அவர்கள் வீட்டின் பின் அறையில் இருக்கிறேன்.

சித்தியைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். கோபம் வந்தால் அவர் கத்த மாட்டார். மூக்கால் 'புஸ்' என்று ஒரு மூச்சு விடுவார். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அந்த இரண்டாவது மூச்சு முடிவதற்குள் சித்தப்பா எழுந்து நடக்க ஆரம்பித்திருப்பார். எங்கே போகிறோம் என்று அவருக்கே தெரியாவிட்டாலும் நடப்பார். மூன்றாவது மூச்சு எப்படி இருக்கும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

சலவைக்கூடத்தின் வேன் ஓட்டுநர் மூன்று மாதத்தில் ஓய்வு பெறப்போகிறார் என்று ஒருநாள் தெரிந்தது. சித்தப்பா மேனேஜரிடம் போய் நின்றார். ஊர் லைசென்ஸ் இங்கே செல்லாது, அதற்குள் இந்த நாட்டு லைசென்ஸ் எடுத்தால் வேன் உங்களுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் என்றார் மேனேஜர். அன்று சாயங்காலம் சித்தப்பா தலையணை உறையை மடிக்கும்போதே ஸ்டியரிங் திருப்புவதுபோல்தான் திருப்பினாராம். இருபத்தேழு உறை திரும்பி வந்தது.

பழகுவதற்கு ஒரு பழைய கார் வாங்கினார்கள். நீல நிறம், நான்கு கதவு, எட்டிப் பார்த்தால் முடிந்துவிடும் அளவு. சித்தப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இது வண்டியா? எங்க பஸ்ல ஸ்டெப்னி மாட்டுற எடத்துல இதை மாட்டிடலாம்."

பழகுகிறவருக்குப் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார வேண்டும் என்பது சட்டம். வீட்டில் அது என்னிடம் மட்டும்தான் இருந்தது. முதல் நாள் சித்தப்பா சாவியைப் போட்டார், பெல்ட்டை மாட்டினார், கியரைப் போட்டார். கண்ணாடியைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்ன சித்தப்பா?"

"நான் ரெடி."

"அப்ப போங்க."

"போறேன். நீ குடு."

"எதை?"

"விசிலை."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஓட்டுறதுதான் என் வேலை. எடுக்கலாமா வேணாமான்னு சொல்றது கண்டக்டர். ஏறுறவங்க ஏறுனாங்களா, எறங்குறவங்க எறங்குனாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இதுல ஏற யாருமே இல்லையே சித்தப்பா."

"அதைத்தான் நீ சொல்லணும்ங்கிறேன்."

எனக்கு விசில் அடிக்க வராது. உதட்டைக் குவித்து ஊதிப் பார்த்தேன். "டயர் பஞ்சரா?" என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கடைசியில் டாஷ்போர்டை இரண்டு தட்டுத் தட்டினேன். வண்டி வெண்ணெய்போல நகர்ந்தது.

மற்றபடி நன்றாகவே ஓட்டினார். திரும்பும்போது மட்டும் எதிர்ப்பக்க நடைபாதைவரை போய்த்தான் திரும்புவார்.

"எங்க போறீங்க சித்தப்பா?"

"பின்னாடி முப்பதடி வருதுல்ல? வால் இடிச்சிடக் கூடாது."

"பின்னாடி ஒண்ணும் வரலை. டிக்கி மட்டும்தான்."

"அட, ஆமால்ல."

அதை இரண்டு வாரத்தில் சரிசெய்தோம். தட்டுவதை மட்டும் நான் விடவில்லை. அவருக்கு அது ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டேன். அது என் தப்பு.

முதல் டெஸ்டுக்கு நானே கூடப் போனேன். பின் சீட்டில் ஒருவர் உட்காரலாம். பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது, போனைத் தொடக் கூடாது என்று சுவரில் தாள் ஒட்டியிருந்தது. தேர்வு நடத்த வந்தவர் உயரமாக, மெலிவாக இருந்தார். எழுதும் அட்டையைக் கைக்குழந்தைபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து அவர் பெயர் அட்டைக்காரர்.

"புறப்படலாம்" என்றார் அட்டைக்காரர்.

சித்தப்பா கியரைப் போட்டார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். ஒரு நிமிடம் போயிற்று. நிதானமான ஆள் என்று நினைத்தோ என்னவோ அட்டைக்காரர் எதையோ எழுதினார். இன்னொரு நிமிடம் போயிற்று. முன்னால் ஒரு புறா தரையைக் கொத்திக்கொண்டே அந்தப் பக்கம் போய், ஒன்றும் கிடைக்காமல் இந்தப் பக்கம் திரும்பி வந்தது.

"எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?"

"பின்னாலிருந்து உத்தரவு வரவில்லை" என்றார் சித்தப்பா, தனக்குத் தெரிந்த அளவு இந்த நாட்டு மொழியில்.

அட்டைக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் புறாவைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி கேட்டார், "எதை இடிச்சீங்க?"

"எதையும் இடிக்கல."

"நகரவே இல்ல சித்தி" என்றேன்.

"அதானே. நகந்தாத்தானே இடிக்கும்."

"ஏன் சித்தப்பா, அவர்தான் புறப்படலாம்னு சொன்னாரே?"

"அட்டையோட ஏறுனா அவர் செக்கிங் இன்ஸ்பெக்டர் அம்மாடி. செக்கிங் சொல்லி வண்டி எடுத்தா கண்டக்டருக்கு என்ன மரியாதை?"

இரண்டாவது டெஸ்டில் நான் வண்டியில் ஏறவில்லை. வெளியே நின்று, கிளம்பும் நேரத்தில் டிக்கியில் இரண்டு தட்டுத் தட்டினேன். வண்டி கம்பீரமாக வாசலைத் தாண்டியது. அரைமணி நேரம் கழித்து அட்டைக்காரரும் சித்தப்பாவும் நடந்து வந்தார்கள். அவர்களோடு காய்கறிப் பையும் கையுமாக ஓர் அம்மா. வழியில் ஒரு பஸ் நிறுத்தத்தில் சித்தப்பா தன்னை அறியாமல் நிறுத்தியிருக்கிறார். அந்த அம்மா குனிந்து, ஆஸ்பத்திரிக்குப் போகுமா என்று கேட்டிருக்கிறார். சித்தப்பா போகும் என்றிருக்கிறார். அந்த அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு வண்டி நகரவில்லை. அந்த அம்மாவே போகலாம் என்று சொல்லியும் நகரவில்லை. பயணி சொல்லி எடுக்கக் கூடாதாம்.

தேர்வுத் தாளின் கடைசி வரியில் 'பயணி ஏற்றப்பட்டார்' என்று எழுதியிருந்தது.

வேனுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. தினமும் பஸ் நிறுத்தங்கள் உள்ள தெருவாகப் பார்த்து ஓட்டவைத்தேன். நிற்காமல் போகப் பழகினார். ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றவர்களிடம் கட்டை விரலைப் பின்னால் காட்டி, "பின்னாடி வண்டி வருது, பின்னாடி வருது" என்று சமாதானம் சொல்லிக்கொண்டே போனார். அவர்களில் சிலர் திரும்பிப் பார்த்ததையும் நான் பார்த்தேன்.

மூன்றாவது டெஸ்டுக்குச் சித்தி லீவு போட்டார். கழுத்தில் விசிலோடு வந்தார்.

"பேசக் கூடாது சித்தி."

"நான் எதுக்குப் பேசுறேன்?"

"சைகையும் கூடாது."

"கையை மடியில வச்சுக்கிறேன். விசிலைப் பத்தி எதாவது எழுதியிருக்கா, படிச்சுச் சொல்லு."

தாளை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தேன். "இல்ல சித்தி."

"அப்ப சரி."

அட்டைக்காரர் ஏறினார். புறப்படலாம் என்றார். குட்டையாக இரண்டு விசில். வண்டி பாய்ந்த பாய்ச்சலில் அட்டை அவர் மடியிலிருந்து காலடிக்குப் போனது. வாசலிலேயே நிறுத்தச் சொன்னார். உள்ளங்கையைப் பின்னால் நீட்டினார். சித்தி விசிலைக் கழற்றி அதில் வைப்பதும், அது அவர் சட்டைப் பைக்குள் போவதும் வெளியே நின்ற எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை இருவரும் சொல்லித்தான் கேட்டேன்.

"என் உசுரே அவர் பைக்குள்ள போயிடுச்சு" என்றார் சித்தப்பா. "சரி, காலம் பூரா தலையணை உறைதான்னு முடிவு பண்ணிட்டேன்."

"அவர் போலாம்கிறார், இவர் சிலை மாதிரி உக்காந்திருக்காரு" என்றார் சித்தி. "எனக்கு வந்துச்சு பாரு கோவம்!"

சித்தி மூக்கால் ஒரு மூச்சு விட்டிருக்கிறார். சித்தப்பாவின் கால் கிளட்சுக்குப் போயிருக்கிறது. இரண்டாவது மூச்சு. வண்டி நகர்ந்துவிட்டது. அட்டைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூச்சு விடக் கூடாது என்று எந்தத் தாளிலும் எழுத முடியாதே.

ஓரமாக நிறுத்தச் சொல்வார், எடுக்கச் சொல்வார். புஸ், புஸ். ரிவர்ஸ் போட்டு நிறுத்தி மறுபடி எடுக்கச் சொல்வார். புஸ், புஸ்.

"நடிக்கவே வேண்டி வரல" என்றார் சித்தி. "ஒவ்வொரு தடவையும் நெஜமாவே கோவம் வந்துச்சு."

பாஸ். ஒரே ஒரு குறைதான் எழுதியிருந்தார். பஸ் நிறுத்தத்தில் தேவையில்லாமல் கட்டை விரலைக் காட்டினாராம். விசிலைத் திருப்பிக் கொடுக்கும்போது சித்தியிடம், ஜலதோஷத்தை இப்படியே விடாதீர்கள், டாக்டரைப் பாருங்கள் என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுவாரம் வேன் சாவி சித்தப்பா கைக்கு வந்தது. மூட்டைகளை எண்ணி ஏற்றி இறக்க வேனில் இன்னோர் ஆளும் போக வேண்டும். யார் வேண்டும் என்று மேனேஜர் கேட்க, பாய்லர் பக்கம் வேலை செய்யும் ஒருவரைக் கை காட்டினார் சித்தப்பா. அதிர்ந்து பேசாத, எதற்கும் கோபப்படாத, எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் மனிதர்.

முதல் நாள் வேன் வாசலிலேயே நாற்பது நிமிடம் நின்றது. அந்த மனிதர் நாற்பது நிமிடமும் சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தாராம். ஆஸ்பத்திரியிலிருந்து போர்வை எங்கே என்று போன் மேல் போன். சித்தப்பா இறங்கிப் போய், தலையைச் சொறிந்துகொண்டே மேனேஜரிடம் வேறு ஆள் கேட்டார். மடிக்கும் இடத்துக்கு அன்றே புது சூப்பர்வைசர் வந்துவிட்டார்.

நேற்றுக் காலை நான் வேலைக்குப் போகும் வழியில் வேன் ஒரு ஹோட்டலின் பின்வாசலில் நின்றது. சித்தப்பா பக்கத்தில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சித்தி உள்ளே உட்கார்ந்து மூட்டைக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு மணி நேரமாவது நிம்மதியா இருக்கணும்னு சொன்னீங்களே சித்தப்பா?"

அவர் துணியை உதறினார். சித்தி இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு என் காதருகே வந்தார்.

"அது என்னன்னா அம்மாடி, உண்மையச் சொன்னா..."

வேனுக்குள்ளிருந்து குட்டையாக இரண்டு விசில். சித்தப்பா ஓடிப்போய் ஏறிவிட்டார். துடைத்த துணி என் கையில் இருந்தது.